தவலையின் கழுத்தில் இருந்த பெயர்

என் வீட்டுச் சமையலறை மூலையில் ஒரு பித்தளைத் தவலை கறுத்துப்போய் நிற்கிறது. வேலைக்கு வரும் பெண் வாரம் ஒருமுறையாவது கேட்டுவிடுகிறாள்: "இத மட்டும் ஏன் சார் தேய்க்க வேணாங்கிறீங்க? புளியப் போட்டு ஒரு தேய் தேச்சா தங்கமா ஆயிரும்." வேண்டாம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். காரணத்தைச் சொல்லப் புகுந்தால் இன்னொருவரைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கும்.

அந்த அம்மாள் பதினோரு வருடம் எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்த்தவர். அப்போது நான் பூதலூரில் பள்ளி ஆசிரியர். வீட்டில் வசதி கிடையாது. ஆனால் என் அம்மா சீராகக் கொண்டுவந்த பித்தளை இருந்தது. அதில் பெரியது இந்தத் தவலை. கழுத்தில் அம்மாவின் பெயரைப் புள்ளி புள்ளியாகக் கொத்தியிருந்தார்கள். சாம்பலில் தேய்த்தால் எனக்குப் போதாது. செங்கல்லை இடித்துச் சலித்து, அந்தப் பொடியைப் புளியோடு சேர்த்து, தேங்காய் நாரால் அழுத்தித் தேய்க்க வேண்டும். என் முகம் அதில் தெரிய வேண்டும். கிணற்றடிக்கே போய் நின்று, "கழுத்துல இன்னும் மங்கலா இருக்கே" என்பேன். அவர் இன்னொரு தடவை தேய்ப்பார்.

ஒரு போகிப் பண்டிகையன்று, தேய்த்துக் கவிழ்த்திருந்த தவலையைத் தூக்கினேன். கழுத்தில் பெயர் இல்லை. வெறும் வழவழப்பு. கனமும் குறைந்தது போலிருந்தது. "தேச்சுத் தேச்சே போயிருக்கும் சார்" என்றார். என் மனைவியும் அதையேதான் சொன்னாள். நான் நம்பவில்லை. இதே அளவில் வேறொன்றை வைத்துவிட்டு எங்களுடையதைக் கொண்டுபோய்விட்டார் என்று முடிவு கட்டினேன். அவ்வளவு பெரிய தவலையை ஒருவர் எப்படி மறைத்துக் கொண்டுபோவார் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அதன்பின் அவர் வரும் நேரத்தில் செய்தித்தாளோடு கொல்லைப்புறத்தில் உட்கார்ந்துகொண்டேன். கரண்டிகளை எண்ணினேன். குண்டான்களின் அடியில் ஆணியால் அடையாளம் கீறி வைத்தேன். அந்தக் கீறல்களையும் அவர்தான் தேய்த்தார். அவருக்குப் புரியாமலா இருந்திருக்கும்?

அந்த வைகாசியில் அவர் மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீடு வலங்கைமான் பக்கம். வெற்றிலை பாக்கு வைத்து எங்களை அழைத்தார், போனோம். பந்தலில் சீர் பரப்பியிருந்தது. நடுவில் எங்களுடையதன் அளவிலேயே ஒரு பித்தளைத் தவலை. நான் பேசாமல் இருந்திருக்கலாம். எழுந்து போனேன். குனிந்து அதைச் சாய்த்து, கழுத்தைச் சுற்றி விரலால் தடவிப் பார்த்தேன். "எங்க வாங்கினது இது?" என்று கேட்டேன்.

மாப்பிள்ளையின் தாயார் பக்கத்தில்தான் நின்றிருந்தார். "என்ன சம்பந்தி, வாத்தியாரு தடவுறதப் பாத்தா அவங்க வீட்டுச் சாமான் மாதிரில்ல இருக்கு?" என்று சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை.

"கும்பகோணத்துல வாங்குனது சார்" என்றார் அந்த அம்மாள். "ரசீது பொட்டியில இருக்கு. எடுத்தாரச் சொல்லவா?"

வேண்டாம் என்றேன். இது எங்களுடையதில்லை என்று நாலு பேர் கேட்கச் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவர் வேலைக்கு வரவே இல்லை. மடியில் கனம் இருப்பதால்தான் வரவில்லை என்று மனைவியிடம் சொன்னேன்.

பிறகு எவர்சில்வர் வந்தது. தவலை பரணுக்குப் போனது. மனைவி காலமான பின், போன வருடம் பரணை ஒழித்தபோது இறக்கினேன். இருபது வருடம் புளி காணாத பித்தளை கறுத்திருந்தது. கழுத்தில் மட்டும் பச்சைக் களிம்பு, புள்ளி புள்ளியாக. ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தேன். தேய்ந்து கண்ணுக்கே தெரியாமல் போயிருந்த குழிகளில் களிம்பு தங்கி, அம்மாவின் பெயர் வரிசையாக எழுந்திருந்தது.

தவலையைச் சாக்கில் கட்டிக்கொண்டு வலங்கைமானுக்குப் பஸ் ஏறினேன். அந்த அம்மாள் இப்போது மகளோடு இருப்பதாக விசாரித்திருந்தேன். பார்வை மங்கிவிட்டது. கழுத்தை விரலால் தடவியவர், "தேய்க்கவே இல்லையா சார்?" என்றார். பெயர் திரும்பி வந்ததைச் சொன்னேன். நான் சந்தேகப்பட்டது தப்பு, மன்னிக்க வேண்டும் என்றேன்.

தவலையை என் பக்கம் நகர்த்தி வைத்தார். "எங்கிட்ட சொல்லி என்ன சார்? நான் எடுக்கலன்னு எனக்குத்தான் தெரியுமே. எங்க சம்பந்தியம்மாகிட்டல்ல சொல்லியிருக்கணும். அவங்க போயி ரெண்டு வருசமாச்சு. போற வரைக்கும் எம் பொண்ணு அந்தத் தவலையில தண்ணி மொள்ளுறப்பல்லாம், 'பாத்து மொள்ளு, வாத்தியாரு வந்துரப் போறாரு'ன்னுதான் சொல்லுவாங்க."

மகள் ஒரு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். உள்ளே, கும்பகோணத்துத் தவலை பளபளவென்று இருந்தது. என் முகத்தைப் பார்க்காமலே அவள் திரும்பிப் போனாள்.

இன்று காலையும் வேலைக்கு வரும் பெண் தவலைக்கு எதிரே நின்றாள். "தொடவே விட மாட்டேங்கிறீங்க. உள்ள எதையாச்சும் ஒளிச்சு வச்சிருக்கீங்களா சார்?" என்று சிரித்தாள். "நீயே பாத்துக்கம்மா" என்றேன். அவள் குனிந்து, தவலையைச் சாய்த்து, உள்ளே எட்டிப் பார்த்தாள்.