ஒச்சம்மாவுக்கு விழுந்த மார்க்

போர்ட் பிளேரில் தண்ணீர்த் தொட்டிகளின் அளவைச் சேகரிக்க அப்போது மூன்று பேர் இருந்தோம்: ஒச்சம்மா, குழந்தைவேலு, கோவிந்தராஜாகிய நான். தொட்டிக்குள் ஒரு கருவி இருக்கும். நெட்வொர்க் ஒழுங்காகக் கிடைக்காத ஊர் என்பதால் நாங்கள் ஸ்கூட்டரில் போய்ப் பக்கத்தில் நிற்க வேண்டும். பையிலுள்ள பெட்டி அளவை வாங்கிக்கொள்ளும். பத்து மணிக்கு வீடுகளுக்குத் தண்ணீர் திறந்துவிட்ட பிறகு, மூவரும் தனித்தனியாகப் போகவேண்டும். மூன்று பெட்டியும் ஒத்துப்போகிறதா என்று பார்த்து கம்ப்யூட்டர் எங்களுக்கு நம்பிக்கை மார்க் போடும். ஐம்பதுக்குக் கீழே போனால் வேலை போச்சு.

ஒச்சம்மா கச்சால் தீவில் ரப்பர் பால் எடுத்தவள். சுனாமிக்குப் பிறகு போர்ட் பிளேரில் டெய்ரி ஃபார்ம் என்கிற பகுதிக்குக் குடிவந்து, நாற்பது வயதில் ஸ்கூட்டர் கற்றாள். ஹாரன் அடிக்க மாட்டாள். "தள்ளுங்க சாமி" என்று வாயால்தான் கேட்பாள். பத்து என்றால் பத்துதான். பார்க்கவே எனக்கு எரிச்சலாக வரும்.

அவளுடைய மார்க் ஐம்பத்திரண்டுக்கு இறங்கியது. எங்களுக்குத் தொண்ணூற்றெட்டு!

"ரெண்டு பேரு ஃபுல்லுங்கறாங்க, நீங்க மட்டும் பாதிங்கறீங்க. இந்தக் கட்பட், கோளாறு யார்கிட்ட அக்கா?" என்றார் எங்கள் ஆபீஸ் மேலதிகாரி உமா மகேஸ்வரி மேடம்.

வெளியே வந்து என்னிடம் கேட்டாள்: "எம் பொட்டியில உப்புத்தண்ணி ஏறிருச்சோண்ணே?"

கோளாறு அவள் பெட்டியில் இல்லை என்று எனக்குத் தெரியும். கப்பல் வரும் நாளில் மெயின்லேண்ட் பார்சல் எடுக்க நான் துறைமுக ஜெட்டிக்குப் போவேன். என் பெட்டியையும் குழந்தைவேலு கொண்டுபோவான். இங்கே யார்தான் இதைச் செய்யவில்லை? ஆனால் கப்பல் இல்லாத நாளிலும் அதுவே பழகிவிட்டது. ஒரு நாள் அவன், ஒரு நாள் நான். ஒரே ஸ்கூட்டரில் இரண்டு பெட்டி. காலை ஏழு மணிக்கே, தொட்டி நிரம்பி நிற்கும்போதே சுற்றி முடித்துவிடுவோம். பெட்டி தேதியைத்தான் குறிக்கும், மணியைக் குறிக்காது.

மறுநாள் மேடத்திடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். எங்கள் பெட்டிகளைப் பிடுங்கி, ஒரு மாதம் தொட்டி கழுவ விட்டார்கள். குழந்தைவேலு என்னோடு பேசுவதை நிறுத்தினான். எனக்கு என்னவோ மனசு லேசாகத்தான் இருந்தது.

குட்வில் எஸ்டேட் தொட்டியை நான் தேய்த்துக்கொண்டிருந்தபோது ஒச்சம்மா டீயோடு வந்தாள்.

"மார்க் ஏறிடுச்சாமே?" என்றேன்.

"அது கெடக்குதுண்ணே," என்று சிரித்தாள். "மேடம் கேட்ட அன்னைக்கு இதே தொட்டியில ஏறி எட்டிப் பாத்தேன். தண்ணி பாதிதான் கெடந்துச்சு. அப்பவும் எங்கண்ணுதான் கெட்டுப்போச்சுன்னு நெனச்சிட்டு எறங்கி வந்தேன்."