சபினால் ஆற்றங்கரை மேப்பிள்கள்

1998 நவம்பர், ஒரு சனிக்கிழமை. காலை ஐந்து மணிக்கு டெக்சாஸின் இர்விங்கிலிருந்து நானும் என் கணவர் செந்திலும் காரில் கிளம்பினோம். மகள் யாழினியைக் கோபிசெட்டிபாளையத்தில் மாமியாரிடம் விட்டு வந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. விட்டபோது அவளுக்குப் பதினான்கு மாதம். இருவருக்கும் வேலை, டே-கேரிலிருந்து வாரம் தவறாமல் காய்ச்சல், காதுவலி என்று அழைப்பு. வேறு வழி தெரியவில்லை.

ஆஸ்டின்வரை ஃப்ரீவே. பிறகு சாலை குறுகி மலைகளுக்குள் நுழைந்தது. சுமார் முந்நூறு மைல் கடந்து, பதினொன்றரை மணிக்கு வேண்டர்பூல் கிராமத்தை அடுத்த மேப்பிள் வனத்தின் வாசலை அடைந்தோம். கட்டணம் ஆளுக்கு ஐந்து டாலர். வேர்கள் மேலோட்டமாக ஓடுகின்றன, மண் இறுகினால் மரம் பட்டுவிடும், பாதையை விட்டு இறங்காதீர்கள் என்றார் காவலர்.

இந்த மரத்தின் பெயர் பிக்டூத் மேப்பிள். டெக்சாஸ் வெயில் இதற்கு ஆகாது. பூமி குளிர்ந்திருந்த காலத்தில் எங்கும் பரவியிருந்து, வெப்பம் ஏறியபின் இப்படிச் சில பள்ளத்தாக்குகளில் மட்டும் தங்கிவிட்டதாம். இருபுறமும் வெளிறிய சுண்ணாம்புப் பாறை. நடுவே மெலிந்த சபினால் ஆறு. கரையெங்கும் மஞ்சளும் ஆரஞ்சும் சிவப்புமாக இலைகள்.

ஒரு மணி இருக்கும். செந்தில் நீரோரம் குந்தி, கேம்கார்டரில் பேசிக்கொண்டிருந்தார். மாதம் ஒரு கேசட் ஊருக்கு அனுப்புவது அவர் வழக்கம்.

"யாழிக்குட்டி, செவப்பு இலை பாத்தியா? அதோ அம்மா! நீயும் பேசு."

நான் கிட்டே போய் லென்ஸைக் கையால் மூடினேன்.

"ஏங்க, போன வாரம் ஃபோன்ல நான் யாருன்னு பாட்டிகிட்ட கேட்டாளுங்க அவ. உங்ககிட்ட சொல்லல."

கேமராவை அணைத்தார்.

"நான் வேலைய விட்டுர்றேன். அவள கூட்டிட்டு வந்துரலாம்" என்றேன்.

"க்ரீன் கார்டு ஃபைல் பண்ணினதே உன் வேலைய வெச்சுத்தான். மறுபடி மொதல்லேருந்து ஆரம்பிக்கணும்."

"தெரியும்."

கேமராவைப் பையில் வைத்தார். பிறகு, "ஊருக்கு டிக்கெட் பாக்கலாம்" என்றார்.

மூன்று மணிக்கே பள்ளத்தாக்கில் நிழல் இறங்கியது. எங்கள் ஊர் மரங்கள் ஆண்டு முழுக்கப் பச்சை. அங்கே காலம் நகராததுபோல் நானும் நம்பியிருந்தேன். திரும்பும் வழியெல்லாம் அவள் எவ்வளவு உயரம் இருப்பாள் என்று கேட்டுக்கொண்டே வந்தேன்.

ஜனவரியில் போய் அழைத்து வந்தோம். பதினொரு நாள் என்னை 'அத்தை' என்றே கூப்பிட்டாள். பன்னிரண்டாம் நாளும் 'அத்தை'தான். ஆனால் அன்று, தூக்கச் சொல்லிக் கைநீட்டினாள்.