விறாந்தை லைற்

கனகாம்பிகை கோழிக்குஞ்சுகளை அச்சுவேலிச் சந்தையில் வாங்கி வந்தது முட்டைக்காகத்தான். கொஞ்சி விளையாட அல்ல. ஆனால் கணவர் செத்து, மகள் சுபாஜினியும் லண்டனுக்குப் போனபின், அந்த வளவில் அவள் கூப்பிட்டால் ஓடி வருகிற சீவன்கள் அவை மட்டுந்தான்.

கூப்பிட்டால் வரும், கூட்டுக்குள் மட்டும் போகாது. இப்போது குஞ்சென்று சொல்லவும் முடியாது, விடலைகள். பொழுதுபட்டதும் விறாந்தைப் படியில் வந்து குந்திவிடும். முழங்கால் நோவோடு குனிந்து ஒவ்வொன்றாய்ப் பிடித்துத் தள்ளவேண்டும். ஒன்றைத் தள்ள இன்னொன்று வெளியே பாயும். போன கிழமை கைக்குத் தப்பித் தேசிமரத்தில் ஏறிய பேட்டுக்கோழி ஒன்றை மரநாய் கொண்டுபோய்விட்டது. விடிய இறகுதான் கிடந்தது. இன்னும் ஒன்று போனால் மிச்சத்தை விற்றுவிடுவதென்று அன்றே முடிவுகட்டினாள்.

"இப்பவே வித்துப்போடுங்கோ அம்மா. கடையிலை முட்டை இல்லையோ?" என்றாள் சுபாஜினி, போனில்.

'கடை முட்டை எனக்குப் பின்னாலை ஓடி வருமே?' என்று வாய்வரை வந்ததை விழுங்கி, "நீ சாப்பிடு, சாப்பாடு ஆறப்போகுது" என்றாள்.

பக்கத்து வீட்டு மகாதேவி, கூட்டுக்குள் குறுநல் அரிசி தூவச் சொன்னாள். தூவினாள். தின்றுவிட்டு எல்லாம் வெளியே வந்தன.

"கலியாண வீட்டுச் சனம் மாதிரி, திண்டிட்டு எழும்பிப் போகுதுகள்" என்று திட்டினாள்.

ஒருநாள் பொழுதுபடும் நேரம் கரண்ட் போனது. கூட்டுக்குள் தண்ணீர் வைக்கப் போனவள், சார்ஜர் லைற்றை உள்ளே ஆணியில் கொழுவிவிட்டு வாசல் படலையைச் சாத்தப் போனாள். திரும்பி வந்தால் எல்லாம் உள்ளே நின்றன. தெய்வச்செயல் என்று நினைத்தாள்.

மறுநாள் கரண்ட் இருந்தது. எல்லாம் மறுபடி படியில். வாய் நிறையத் திட்டிக்கொண்டு நிமிர்ந்தவளின் கண்ணில் நேரே பட்டது விறாந்தை லைற்.

"எருமை" என்றாள். குஞ்சுகளை அல்ல.

இருட்டுக்குள் எந்தக் கோழி போகும்? வெளிச்சம் இருந்த இடத்துக்கு அவை வந்திருக்கின்றன. ஆனால் அந்த லைற்றை நூர்ப்பது லேசில்லை. விளக்கு வைக்கிற நேரம் வீடு இருண்டு கிடந்தால் மூதேவி வந்து குந்துவாள் என்று ஊரில் சொல்வார்கள். மூதேவிக்கு அவள் பயப்படவில்லை. அந்த ஒழுங்கையில் முக்கால்வாசி வீடுகள் வெளிநாட்டுக்காரருடையவை, பூட்டிக் கிடப்பவை. தன் வீடும் அதில் ஒன்றாகத் தெரிந்துவிடுமே என்றுதான் யோசித்தாள்.

அடுத்த நாள் பின்னேரம் விறாந்தை லைற்றைப் போடவில்லை. கூட்டுக்குள் சார்ஜர் லைற்றைக் கொழுவிவிட்டு, "பா... பா... பா..." என்று கூப்பிட்டாள். படியில் நின்றவை திகைத்தன. செவலைப் பேடு முதலில் நடந்தது. மற்றவை அதன் பின்னால் போயின. தள்ளாமல், பிடிக்காமல், தாமாகவே.

படலை தடதடத்தது. மகாதேவி அவிழ்ந்த கொண்டையோடு ஓடிவந்தாள்.

"கனகமக்கா! எங்கை நிக்கிறியள்? லைற்றைக் காணேல்லை, எனக்கு ஈரக்குலை நடுங்கிப்போச்சு!"

"செத்துப்போகேல்லை, இஞ்சை நிக்கிறன். கத்தாதை, குஞ்சுகள் வெளியிலை வந்திடும்."

மகாதேவி மூச்சு வாங்கியபடி கூட்டுக்குள் எட்டிப் பார்த்தாள். "உள்ளுக்கை போயிட்டுதுகள்! நாளைக்கும் லைற்றை நூப்பியளோ?"

"ஓம், பழகுமட்டும். கூட்டைச் சாத்தினவுடனை போட்டிடுவன்."

"மறந்திடாதையுங்கோ. நான் பாத்துக்கொண்டு நிப்பன்."

மகாதேவி போனபின் சார்ஜர் லைற்றைக் கழற்றி எடுத்துக்கொண்டு கூட்டைச் சாத்தி, கொளுக்கியை மாட்டினாள். உள்ளே சின்னச் சின்ன முனகல் கேட்டு அடங்கியது. விறாந்தைக்குப் போய்ச் சுவிச்சைத் தட்டினாள்.

"கண்டிட்டன் அக்கா!" என்று வேலிக்கு அங்காலிருந்து குரல் வந்தது.

படியில் ஒன்றும் இல்லை. இத்தனை நாளும் திட்டித்திட்டி விரட்டியது இதற்காகத்தான். எச்சத்தைக் கழுவித் துடைத்துவிட்டு, அந்தப் படியில் அவள் குந்தினாள்.