முட்டைக்குள் தூங்கப் போன குஞ்சு

மந்தைவெளி ரயில் நிலையத்தை ஒட்டிய சந்தில், தி.நகர் கடைகளுக்காகக் கல்யாண ரவிக்கைகளில் ஆரி வேலை செய்பவள் ஜஹீதா. ஐந்தாவது வரை உருதுப் பள்ளியில் படித்தவள். தமிழில் பேசி யாரையும் ஜெயித்துவிடுவாள். படிக்க மட்டும் வராது. இது நான்கு வயது மகள் சிம்ராவுக்குத் தெரியக் கூடாது என்பதில் கவனமாக இருந்தாள். அம்மாவை 'அம்மி' என்றழைத்து, அம்மி சொன்னால் சரி என்றிருக்கிற பிள்ளை. அந்த நம்பிக்கை போய்விட்டால்?

பால்வாடியிலிருந்து சிம்ரா ஒரு கோழிக்குஞ்சுப் படப் புத்தகம் கொண்டுவந்தாள். ஜஹீதா பழக்கத்தில், வலமிருந்து இடமாகப் படிக்கும் உருதுப் புத்தகம் போலவே பின்னட்டையைத் திறந்தாள். படத்தைப் பார்த்துக் கதை சொன்னாள். தாய்க்கோழியின் இறக்கைக்கடியிலிருந்த குஞ்சு வெளியே வந்தது, பூனைக்கு ஆட்டம் காட்டியது, சேற்றில் புரண்டது, களைத்துப்போய் முட்டைக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டு தூங்கியது. சிம்ராவும் போர்வைக்குள் புகுந்து, "கதவு சாத்தியாச்சு" என்பாள். ராத்திரி இரண்டு மணி நேரம் ஜஹீதாவின் ஊசி தடையில்லாமல் ஓடும்.

திங்கட்கிழமை வம்பு வந்தது. சிம்ராவை அழைக்கப் போனவளை டீச்சர் விஜயலக்ஷ்மி வாசலிலேயே நிறுத்தினாள்.

"இன்னாம்மா சொல்லி வெச்சுக்கீறே? முட்டையிலேருந்து குஞ்சு வருதுன்னு படிச்சா, 'தப்பு, உள்ள போவுது'ன்றா உன் பொண்ணு. மத்த பசங்களும் அவ கட்சிக்குப் போயிட்டாங்க. இன்னிக்கு ஒண்ணும் தூங்கல!"

'குழந்தை ஏதோ உளறுது டீச்சர்' என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. சிம்ரா அம்மியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான்தான் டீச்சர் அப்படிச் சொன்னேன்" என்றாள் ஜஹீதா. "எனக்கு உருதுதான் படிக்க வரும். அந்தப் பக்கத்துலேருந்து தொறந்துட்டேன். தமிழ் எழுத்து தெரியாது."

"எனக்குத் தெரியுமே!" என்றாள் சிம்ரா. "நீ டெய்லி வேற வேற மாதிரி சொல்றே. டீச்சர்தான் ஒரே மாதிரி சொல்றாங்க."

டீச்சர் சிரித்த சிரிப்பில் பிள்ளைகளின் குட்டி நாற்காலியில் உட்கார வேண்டியதாயிற்று. "எனக்கு நல்லா வேணும்! நாளைக்கு நீயே வந்து தூங்க வைம்மா."

"வரேன். அந்தப் புக்குல முட்டைன்னு எங்க எழுதிக்கீது, காட்டுங்க."

டீச்சர் புத்தகத்தை எடுத்துக் காட்டினாள். கோலத்தைத் தொட்டுப் பார்ப்பதுபோல் ஜஹீதா எழுத்துகளின் மேல் விரலை ஓட்டினாள்.

"மூணே எழுத்தா? இதுக்கா இத்தினி நாளு பயந்துக்கினு இருந்தேன்?"

மறுநாள் பதினான்கு பிள்ளைகளும் பாயில் படுத்து, போர்வை இல்லாதவர்கள் கைக்குட்டையை முகத்தில் போட்டுக்கொண்டு, ஒரே குரலில் கதவைச் சாத்தினார்கள்.