காயப் போடாத மல்லி

என் அண்ணனைப் போல ஒரு தண்டத்தை நான் கண்டதில்லை. செத்துப்போனவனைப் பற்றி இப்படிப் பேசலாமா என்று என் மகள் கேட்கிறாள். பேசுவேன். எஸ்.எஸ்.எல்.சி.யில் மூன்று தடவை கோட்டடித்தவன் அவன். நான் முதல் தடவையே தேறி, ஆசிரியப் பயிற்சிக்கு மனுப் போட்டுவிட்டுக் காத்திருந்தேன். அறுபதுகளின் தொடக்கம் அது.

நிலக்கோட்டைப் பக்கம் எங்களுக்கு ஒரு ஏக்கர் மல்லித் தோட்டம் இருந்தது. அப்பா சொல்லியிருந்தார்: "பங்குனி சித்திரையில பூவு நல்லா வரட்டும், ஆத்தா. உன்னையக் கொண்டுபோய்ச் சேத்துவிட்டு வாரேன்." ஆக என் படிப்பு அந்தச் செடியில் இருந்தது.

எங்கள் பக்கத்தில் மார்கழியில் மல்லியைக் காயப் போடுவார்கள். தண்ணீரை நிறுத்தி, செடி வாடியதும் கவாத்து வெட்டி, மிச்ச இலையை ஆடுகளை விட்டு மேய்த்துவிடுவார்கள். பார்க்கப் பாவமாகத்தான் இருக்கும். அதற்குப் பிறகு தண்ணீர் காட்டினால் துளிருக்குத் துளிர் மொட்டு வைக்கும்.

அண்ணனோ திண்டுக்கல்லில் யாரோ நடத்திய உர விளக்கக் கூட்டத்துக்கு ஒரு மத்தியானம் போய், டீயும் பன்னும் தின்றுவிட்டு விஞ்ஞானியாகத் திரும்பி வந்தான்.

"பட்டினி போட்டா செடி எப்படிப் பூக்கும்? கூறுகெட்டதுக!" என்றான். கவாத்து கிடையாது, காயப் போடுவது கிடையாது. அமோனியா உரத்தை அள்ளி அள்ளிப் போட்டு, நாள் தவறாமல் தண்ணீர் பாய்ச்சினான். மாசியில் செடி இடுப்பளவு, கருகருவென்று நின்றது. ரோட்டில் போகிறவர்களெல்லாம் நின்று, "அடேயப்பா, என்னா செழிப்பு!" என்றார்கள். அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. அம்மா அண்ணன் தட்டில் இன்னொரு முட்டையை வைத்தாள்.

பங்குனியில் பக்கத்துத் தோட்டங்களில் கூடை கூடையாய்ப் பறித்தார்கள். எங்களதில் சாமிக்கு வைக்க ஒரு பூ இல்லை.

"ஏண்ணே, ஒரு மொட்டக்கூடக் காணோமே?" என்றேன்.

"வரும்டி. இன்னும் ரெண்டு மூட்டை போடணும்."

செடி ஏன் பூக்கவில்லை என்பதைப் பிற்பாடு காலேஜில் படித்த என் மகள் விளக்கினாள். ஒவ்வொரு செல்லும் தனக்கு ஊட்டம் வருகிறதா, வறட்சியா என்று சதா பார்த்துக்கொண்டே இருக்குமாம். ஊட்டம் கொட்டிக் கிடந்தால் 'வளர், வளர்' என்றே செடிக்குள் தகவல் போகுமாம். தழைக்கிற செடிக்குப் பூக்க என்ன அவசரம்? அட, நாங்கள் ஆட்டை விட்டு மேய்த்துத் தெரிந்துகொண்டதற்கு இம்புட்டுப் படிப்பா என்று சிரித்தேன். ஆனால் அந்த மடையனுக்கு இரண்டு வழியிலும் தெரியவில்லை. அவன் கோட்டடிக்க அடிக்க அம்மா நெய்யைக் கூட்டிக்கொண்டே போனாள், அதுவும் இதே வைத்தியம்தான்.

சித்திரையில் அவன் தாடிக்கொம்பில் மாமா வீட்டுக்கு விருந்து தின்னப் போனான், இருபது நாள். இதுதான் சமயம் என்று நான் வாய்க்காலை அடைத்தேன். செடி துவண்டதும், அப்பா சந்தைக்குப் போயிருந்த நாளில் அரிவாளை எடுத்துக் கவாத்து வெட்டி, பக்கத்து வயலில் ஆட்டுக்கிடை போட்டிருந்தவரின் ஆடுகளை உள்ளே விட்டேன்.

சாயங்காலம் அப்பா வந்து பார்த்தார். "அடிப்பாவி! பச்சையா நின்னத மொட்டையடிச்சுப்புட்டியேடி!" கையிலிருந்த கம்பால் முதுகில் இரண்டு வைத்தார். நான் அழவில்லை. மறுநாளே தண்ணீர் பாய்ச்சினேன்.

வைகாசியில் பயிற்சிக்குச் சேரச் சொல்லிக் கடிதம் வந்தது. அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். "பூவே இல்ல, எதவச்சு உன்னையப் படிக்கவைக்க?" என்று அதை வாங்கிக் கூரையில் செருகினார். சேர வேண்டிய நாளும் போயிற்று.

ஆனியில் செடி பூத்தது. அப்படிப் பூத்ததை நான் அதற்குப் பிறகும் பார்த்ததில்லை. வழியில் போன ஒருவர் அதிசயப்பட்டுக் கேட்டார். அப்பா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "எல்லாம் பய போட்ட உரம். இப்பத்தான் புடிச்சிருக்கு" என்றார். அண்ணன் பக்கத்தில் நின்று, ஆமாம் என்று தலையாட்டினான். வெட்கங்கெட்டவன்.

அந்தப் பூவை விற்று நாலாவது தடவை பரீட்சை எழுத அவனைத் திண்டுக்கல்லில் டுடோரியலில் சேர்த்தார்கள். தினமும் விடியுமுன் குனிந்து பறித்து, கூடையைக் கட்டி பஸ்ஸில் ஏற்றிவிட்டது நான். அவன் குளித்து, பவுடர் பூசி, அதே பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து படிக்கப் போனான்.