பெல்மாருக்கு ஆயுள் உண்டா

சிங்கப்பூர் டன்லப் தெருவில் என் கடைக்குள் ஒரு மேசை சிதம்பரம் அண்ணனுடையது. நகலெடுக்கும் இயந்திரத்துக்கும் பாஸ்போர்ட் படத்துக்காகத் தொங்கவிட்டிருக்கும் வெள்ளைத் திரைக்கும் நடுவில் கிடக்கிறது. அந்த அளவு இடத்துக்கு இந்தத் தெருவில் அடிதடி நடக்கும். நான் அவருக்குச் சும்மா கொடுத்திருக்கிறேன். அவரிடம் ஜாதகம் பார்க்க வருகிறவர்கள் போகும்போது எதையாவது நகலெடுத்துக்கொண்டுதான் போவார்கள். எனக்கு அது போதும்.

எனக்கு ஜாதகத்தில் நம்பிக்கை கிடையாது. எங்கள் மார்க்கத்தில் அது கூடாது. ஜாதகத்தை லாமினேட் செய்வது கூடாது என்று எந்த ஆலிமும் சொல்லி நான் கேட்டதில்லை. அதனால் செய்து கொடுக்கிறேன்.

அண்ணன் பூன் லே பேருந்துச் சந்திப்பு நிலையத்தில் முப்பத்திரண்டு வருடம் கால அட்டவணை போட்டவர். எந்தப் பேருந்து எத்தனை மணிக்கு எங்கே இருக்கும் என்று சொல்வதுதான் வேலை. ஓய்வு பெற்றதும் பேருந்துகளை விட்டுவிட்டுக் கிரகங்களைப் பிடித்துக்கொண்டார். தொழில் ஒன்றுதான், ஆள்தான் வேறு. "மழை பேஞ்சாலும் சனி லேட்டா வராது கதீஜா, மத்தவங்க மாதிரி இல்ல" என்பார். வேலையில் இருந்தபோதே ஒரு ஜோதிடரிடம் கற்றுக்கொண்டவர். அந்த ஜோதிடர் அவரிடம் ஒரே ஒரு சத்தியம் வாங்கியிருந்தார்: சொந்த வீட்டு ஜாதகத்தைப் பார்க்கக் கூடாது. பாசம் வந்தால் கணக்குத் தப்பும் என்பது காரணம். மனைவி உமாமகேஸ்வரியின் ஜாதகத்தை அண்ணன் பிரித்துப் பார்த்ததே இல்லை. அது தொடக்கப்பள்ளிச் சிற்றுண்டிச் சாலையில் மீ கோரெங் நூடுல்ஸ் கிண்டுகிற உமாக்காவுக்கு ஒரு குறையாகவும் படவில்லை.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த மனிதர் பெல்மார் என்ற பையனிடம் மாட்டிக்கொண்டதற்கு ரோஷினிதான் காரணம்.

ரோஷினிக்கு முப்பது வயது, வங்கியில் வேலை. அவள் அம்மா மூன்று மாப்பிள்ளைகளின் ஜாதகத்தோடு அவளை இழுத்து வந்திருந்தார். பொருத்தம் பார்க்கும் சலிப்பில் ரோஷினி நான்காவதாக ஒரு சீட்டை நீட்டினாள். மார்ச் பதினொன்று, பௌர்ணமி, ஊர் கார்வென்.

"கார்வென் எங்கம்மா இருக்கு?"

"யூரோப் பக்கம் அங்கிள். ரொம்பக் குளிரும்."

"நார்வேன்னு வச்சுக்குவோம்" என்று, மார்ச் பதினொன்றில் பௌர்ணமி வந்த வருடத்தைத் தேடிப் பிடித்து, அண்ணன் கணக்குப் போட ஆரம்பித்தார். கால் மணி நேரம் கழித்து மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "பையன் பெரிய வம்சம். ஆனா அப்பாவோட ஆகாது. தண்ணில ஒரு கண்டம் இருந்திருக்கும்."

ரோஷினியின் முகம் வெளுத்துவிட்டது. அந்தப் பையன் தன் அப்பாவை வெட்டிக் கொன்றவன், ஒருமுறை ஏரியில் மூழ்கிப் பிழைத்தவன். ஏனென்றால் அவன் தொலைக்காட்சித் தொடரில் வருகிற இளவரசன். ஒன்பது விளக்கு, பேசுகிற குதிரை, மலைமேல் கோட்டை என்று ஆறு வருடமாக உலகமே பார்க்கிற மாயாஜாலத் தொடர். எந்தப் பையனுக்குத்தான் அப்பாவோடு ஆகிறது என்று எனக்கு வாய்வரை வந்தது. வாடிக்கையாளர் முன்னால் கேட்கவில்லை. உண்மை தெரிந்ததும் ரோஷினியின் அம்மா மூன்று ஜாதகங்களையும் கைப்பைக்குள் திணித்துக்கொண்டு போய்விட்டார்.

அண்ணனுக்குக் கோபம் வரவில்லை. "அந்தப் பையன் இப்ப உயிரோட இருக்கானா?" என்றார்.

"அதுதான் அங்கிள் யாருக்கும் தெரியாது."

போன பருவத்தின் கடைசிக் காட்சியில் பெல்மாரின் மார்பில் ஒரு கறுப்பு முள் ஏறி, அவன் மலையிலிருந்து விழுகிறான். அதோடு முடித்துவிட்டார்கள். கடைசிப் பருவம் ஒரே நீளமான பாகமாக வர இன்னும் ஆறு மாதம் ஆகும். அதுவரை செத்தானா பிழைத்தானா என்று உலகம் இரண்டு கட்சியாகப் பிரிந்து அடித்துக்கொண்டிருந்தது. ரோஷினி டெலிகிராமில் ஒரு குழு வைத்திருந்தாள், இருநூற்று நாற்பது பேர், எல்லாம் படித்த பிள்ளைகள். பெல்மாரின் குதிரைதான் அவன் தாத்தா என்று ஒருவர். ஒன்பதாவது விளக்கு விளக்கே இல்லை, அது ஒரு கிழவி என்று இன்னொருவர். மொத்தக் கதையும் கோட்டைச் சமையல்காரன் காணும் கனவு என்று மூன்றாமவர். ஒவ்வொன்றுக்கும் ஆதாரம் வைத்திருந்தார்கள். என் கடைக்கு வந்து அந்த ஆதாரங்களை வண்ணத்தில் நகலெடுத்ததால் சொல்கிறேன். அண்ணன் அந்தக் குழுவில் சேர்ந்தார்.

அதே மாதம் உமாக்காவுக்கு இடது மார்பில் கட்டி இருப்பது தெரிந்தது.

அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. புக்கிட் பாத்தோக்கில் நாலாவது மாடி வீடு, இரண்டே பேர். கீமோ ஊசி போட்டுக்கொண்டு வந்த நாட்களில் உமாக்கா படுத்தபடி அந்தத் தொடரைப் பார்த்தார். அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து குறிப்பெடுத்தார். சமையல்காரன் கனவுக் கதையை மட்டும் அக்காவால் ஏற்க முடியவில்லை. "சமைக்கிறவங்களுக்குக் கனவு காண நேரம் ஏது" என்றார்.

அண்ணனின் சிக்கல் வேறு. பெல்மார் பிறந்த நாள் தெரியும், நேரம் தெரியாது. நேரம் இல்லாமல் லக்கினம் இல்லை, லக்கினம் இல்லாமல் ஆயுள் சொல்ல முடியாது. 'மூன்றாம் மணி அடித்தபோது பிறந்தான்' என்று ஒரு வசனம் வருகிறதாம். கார்வெனில் மூன்றாம் மணி என்பது எத்தனை மணி என்று குழுவில் நான்கு நாள் சண்டை நடந்து இருவர் வெளியேறினார்கள். ஐந்தாம் நாள் அண்ணன் ஒரு தாளோடு வந்தார். பெரிதாக்கி லாமினேட் செய்து தரச் சொன்னார். மேலே 'பெல்மார்' என்று எழுதியிருந்தது.

அதற்குப் பிறகுதான் அவருடைய கணிப்புகள் பிரபலமாயின. பெல்மார் சாகவில்லை. மாசி முடியும்வரை ஒரு பெரிய கண்டம், அதைத் தாண்டிவிட்டால் எண்பது வயது. இதோடு நிறுத்தியிருக்கலாம். பெல்மாருக்கு முட்டித் தேய்மானம் இருக்கும், உறைப்பு ஆகாது, நூறு பேருக்குச் சமைத்துப் போடுகிற யோகம் உண்டு என்றெல்லாம் எழுதினார்.

பெல்மாருக்குப் பத்தொன்பது வயது. பிள்ளைகள் இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டு நாள் ஆராய்ந்து, பெல்மார் பிழைத்துக் கோட்டைச் சமையலறையில் மாறுவேடத்தில் இருக்கிறான் என்று முடிவுக்கு வந்தார்கள். கடைசிப் பருவத்தின் முன்னோட்டத்தில் சமையல்காரன் நொண்டி நடக்கிற காட்சியைக் கண்டுபிடித்தார்கள். யாரோ ஒரு அமெரிக்கர் 'சிங்கப்பூர் ஜோதிடரின் கோட்பாடு' என்று நாற்பது நிமிடம் காணொளி போட்டார். எதிர்க்கட்சிக்குத் தலைவன் ஸ்ரீநாத் என்ற பையன், கணினிப் பொறியாளன். அண்ணன் எழுதும் ஒவ்வொரு வரிக்கும் கீழே 'ஆதாரம்?' என்று கேட்பான்.

எனக்கு முட்டித் தேய்மானம் என்றதுமே உறுத்தியது. ஜாதகம் எனக்கு வாசிக்கத் தெரியாது. ஆனால் பன்னிரண்டு கட்டத்தில் ஒரே கட்டத்துக்குள் நான்கு பெயர் நெருக்கியடித்துக்கொண்டு, மற்ற கட்டங்கள் காலியாகக் கிடக்கும் ஒரு தாளை நான் ஏற்கெனவே லாமினேட் செய்திருந்தேன். லாமினேட் செய்கிறவற்றின் பிரதி இருக்கும் என் கணினியில் தேடினேன். தன் பழைய ஜாதகத் தாள் கிழிகிறது என்று உமாக்கா கொண்டுவந்து கொடுத்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரு புள்ளி வித்தியாசமில்லை.

அண்ணனிடம் திரையைத் திருப்பிக் காட்டினேன்.

"பையனுக்கு நேரம் கிடைக்கலல்ல" என்றார்.

"அதுக்கு?"

"நம்ம வீட்டு ஜாதகத்தப் பாக்கக் கூடாது கதீஜா, சத்தியம் பண்ணிருக்கேன். யாரோ ஒரு பையனோடதுன்னா பாக்கலாம்ல." பிறகு மெதுவாக, "அவன் பொழச்சிட்டான்னு வை, அவளும் பொழச்சிருவா. நான் ரெண்டையும் ஒண்ணா முடிச்சுப் போட்டுட்டேன். இனிமே அவிழ்க்க வரல" என்றார்.

நான் அவரைத் திட்டத்தான் வாயைத் திறந்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

தொடரின் கடைசி நாளும் அக்காவின் ஸ்கேன் முடிவும் ஒரே வாரத்தில் வந்தன, மாசியின் கடைசி வாரத்தில். அமெரிக்காவில் ஞாயிறு இரவு என்றால் நமக்குத் திங்கள் காலை ஒன்பது மணி. ஆஸ்பத்திரி புதன்கிழமை. "திங்கக்கிழமை நான் பாக்கல. புதன் கழியட்டும்" என்று அண்ணன் சொல்லிவிட்டுக் கடைக்கு வராமல் வீட்டில் இருந்துகொண்டார்.

திங்கள் பதினொரு மணிக்கு ரோஷினி வந்தாள். விடுப்பு எடுத்துப் பார்த்திருக்கிறாள். கண் இரண்டும் வீங்கியிருந்தன.

"செத்துட்டான் ஆன்ட்டி. பன்னெண்டாவது நிமிஷத்துலயே. எரிச்சே காட்டிட்டாங்க."

எரித்தே காட்டிவிட்டார்கள் என்றால் இனிப் பேச ஒன்றும் இல்லை. இத்தனை நேரத்துக்குள் குழுவில் ஏதாவது போட்டார்களா என்று கேட்டேன். எல்லாரும் கடைசிவரை பார்த்து முடிக்கும்வரை யாரும் வாய் திறக்கக் கூடாது என்பது அவர்கள் விதியாம். பன்னிரண்டு மணிக்குத்தான் திறப்பார்களாம். பெல்மார் யார் ஜாதகத்தில் ஓடிக்கொண்டிருந்தான் என்று அவளிடம் சொன்னேன். பாஸ்போர்ட் படத்துக்கு உட்காருகிற முக்காலியில் அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பிறகு போனை எடுத்தாள். அண்ணனை விட்டுவிட்டு இன்னொரு குழு தொடங்கி, எல்லாரையும் அதில் இழுத்துப் போட்டு, நீளமாக எழுதினாள்.

ஆறு வருடமாக ஒரு குதிரை விஷயத்தில்கூட ஒத்துப்போகாத இருநூற்று நாற்பது பேர். பன்னிரண்டு மணிக்குப் பழைய குழுவில் செய்திகள் வரத் தொடங்கின. பெல்மார் பிழைத்துவிட்டான். சமையலறையிலிருந்து கரண்டியோடு வெளியே வந்தான். முடிசூட்டு விழாவுக்கு அவனே சமைத்தான். ஒரு பெண் அவன் பேசிய வசனத்தை முழுதாக எழுதினாள், எல்லாம் அவள் கட்டியது. கடைசியில் ஸ்ரீநாத் எழுதினான்: 'அங்கிள், நீங்க சொன்னதுதான் சரி. நான் தோத்துட்டேன்.' ஆதாரம் கேட்கவில்லை.

பன்னிரண்டு நாற்பதுக்கு அண்ணனிடமிருந்து பதில் வந்தது: 'சொன்னேன் அல்லவா. ஆயுள் பலம் உண்டு.'

ரோஷினி என்னைக் கட்டிக்கொண்டாள். அன்று பிற்பகல் அசர் தொழுகையில் இந்தப் பொய்க்காக அல்லாஹ்விடம் மன்னிப்புக் கேட்டேன். வருந்திக் கேட்டேன் என்று சொல்ல முடியாது.

புதன் மதியம் ஆஸ்பத்திரியிலிருந்து நேராக இருவரும் கடைக்கு வந்தார்கள். அக்கா தலையில் சிவப்புத் துணி கட்டியிருந்தார். கட்டி பாதியாகச் சுருங்கியிருக்கிறது, அடுத்த மாதம் அறுவை, அதற்குப் பிறகுதான் எதுவும் சொல்ல முடியும் என்றார்களாம். அண்ணன் குடிக்கச் சூடாகத் தே வாங்கப் போனார். அவர் தெருவைத் தாண்டும்வரை அக்கா பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் பையன் செத்தத நாங்க ரெண்டு பேரும் பாத்தோம் கதீஜா."

நான் நகலெடுப்பதை நிறுத்தினேன்.

"திங்கக்கிழமை ஒம்போது மணிக்கே. பாக்க மாட்டேன்னு சொன்ன மனுஷன் எட்டரைக்கே டிவி முன்னாடி உக்காந்தாச்சு. அவன எரிக்கிறப்ப என் கையப் பிடிச்சுக்கிட்டாரு. முப்பத்தஞ்சு வருஷத்துல கூட்டமான பஸ்ஸுல கூடப் பிடிக்காதவரு. தேம்பித் தேம்பி அழுறாரு."

"உங்களுக்குத் தெரியுமாக்கா, அது யாரோட..."

"என் முட்டி வலிய உலகம் பூரா எழுதி வச்சா எனக்குத் தெரியாதா?" என்றார் அக்கா. "நான் சொன்னேன், செத்தது அந்தப் பையன், ஜாதகம் என்னுது. அவன் ஜாதகத்த நீங்க பாக்கவே இல்லையே, அவன் செத்ததுக்கும் நீங்க சொன்னதுக்கும் என்ன சம்பந்தம்னு. அழுகைய நிறுத்திட்டு யோசிச்சாரு. 'ஆமா, கணக்கு அப்படித்தான் வருது'ன்னாரு."

"அப்புறம்?"

"அப்புறம் போன் அடிக்க ஆரம்பிச்சுது. ஒண்ணொண்ணா எனக்கு வாசிச்சுக் காட்டினாரு. கரண்டியோட வந்தான், முடிசூட்டுக்குச் சமைச்சான், எல்லாம். யாரோ ஸ்ரீநாத்தாமே, அந்தப் பையன் எழுதினத மட்டும் அவரால வாசிக்க முடியல. போன எங்கிட்டக் குடுத்துட்டு ரூமுக்குள்ள போயிட்டாரு."

அண்ணன் கையில் பிளாஸ்டிக் பையில் கட்டிய மூன்று தேயோடு தெருவைக் கடந்து வந்துகொண்டிருந்தார். அக்கா குரலைத் தணித்துக்கொண்டார்.

"சொன்னேன் அல்லவா, ஆயுள் பலம் உண்டுன்னு எழுதினது நான்தான்."