தம்பியின் பெயரைக் கேட்ட நோன்பு நாள்

எங்கள் ஊரில் சண்டை முடிந்த வருடம், நான் குடியேறியிருந்த வெளிநாட்டு நகரமான ஹ்விடோவ்ரேயில் தனியாக இருந்த ஒரு யூத அம்மாவின் வீட்டுக்கு உதவி வேலைக்குப் போய்வந்தேன். புரட்டாதியில் அவர்களுடைய பாவமன்னிப்பு நோன்பு வந்தது. எங்கள் விரதம் மாதிரித்தான் என்று நினைத்து, பாலும் வாழைப்பழமும் கொண்டுபோய் வைத்தேன்.

"தண்ணியும் குடிக்கக்கூடாது, பிள்ளை. என்ரை நோன்பைக் கெடுக்கவோ வந்தனீ?" என்று சிரித்தார்.

"நானும் வெள்ளிக்கிழமையிலை விரதம், அம்மா. தம்பிக்காக. கடைசிச் சண்டைக்குப் பிறகு அவன்ரை சேதி ஒண்டும் இல்லை" என்றேன். அந்த நாட்டுப் பாஷையில் அவ்வளவு கதைத்ததே எனக்குப் பெரிய காரியம்.

அவர் செபப் புத்தகத்தைத் திறந்தார். "இண்டைக்கு நாங்கள் செத்த ஆக்களைப் பேர் சொல்லி நினைக்கிறது. என்ரை அண்ணைமாரோடை உன்ரை தம்பியையும் சேர்க்கிறன். பேரைச் சொல்லு."

அன்பாகத்தான் கேட்டார். சொன்னால் அவனை நானே செத்தவர்களோடு சேர்த்ததாகிவிடும். சொல்லாவிட்டால், ஒருவேளை அவன் போயிருந்தால், அவனுக்காக மன்றாட ஒருவரும் இல்லை.

"இருக்கிறானோ இல்லையோ தெரியேல்லை, அம்மா" என்று மட்டும்தான் வாயில் வந்தது.

அவர் அண்ணன்மாரின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொன்னார். முடித்த பிறகும் புத்தகத்தை மூடாமல், தம்பியின் பெயருக்காக என் முகத்தையே பார்த்தார். நான் பாலையும் வாழைப்பழத்தையும் எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன்.